பார்வோன் மகள் கொடுத்த கூலி

2025-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 26-ஆம் நாள் மயிலாப்பூர்ப் புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளியில் ஒரு விழா நடைபெற்றது. நகர்ப்புறங்களில் உள்ள அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் காலை உணவுத் திட்டம் அன்று அங்கே விரிவாக்கப்பட்டது. முதலமைச்சர் மு. க. ஸ்டாலினும், பஞ்சாபிலிருந்து வந்திருந்த முதலமைச்சர் பகவந்த் மானும் அதில் பங்குகொண்டனர். அந்த ஒரு நாளில் 2,429 பள்ளிகளும், அவற்றில் முதல் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை பயிலும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளும் இத்திட்டத்தினுள் வந்தனர். ஊர்ப்புறத்து உதவி பெறும் பள்ளிகளுக்கு ஓராண்டுக்கு முன்னரே, 2024 ஜூலை 15 அன்று, திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் உள்ள புனித அன்னாள் பள்ளியில் இது தொடங்கப்பெற்றது வாசக அன்பர்களுக்கு நினைவிருக்கலாம்.

மயிலை விழா நடந்த சில வாரங்களுக்குள், ஞாயிறு திருப்பலிக்குப் பின் கோவில் முற்றத்தில் ஒரு பெரியவர் என்னை நிறுத்தினார். வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், கண்ணியமானவர். "ஃபாதர், மதியச் சாப்பாடு சரி, ஒப்புக்கொள்கிறேன். காலைச் சாப்பாடுமா? பெற்ற பிள்ளைக்கு நாலு இட்லி அவித்துக் கொடுக்க முடியாதவர்கள் பிள்ளை பெறுவானேன்?" என்றார்.

கேள்வி கடுமையானது, ஆனால் கெட்ட மனத்திலிருந்து பிறந்ததன்று. எழுத்தராகச் சேர்ந்த காலத்துச் சம்பளத்தில் நான்கு பிள்ளைகளை ஆளாக்கியவர் அவர். அவருடைய துணைவியார் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து ஆட்டுக்கல்லில் மாவரைத்தவர். யாரிடமும் கைநீட்டாமல் வாழ்ந்தோம் என்னும் நிறைவு அவர்களுடைய முதுமைக்கு ஊன்றுகோலாய் இருக்கின்றது. அதனை எள்ளி நகையாடுவது நமக்குத் தகாது. ஆதலால் அவர் கேட்டதைச் சற்று விரித்து, பெற்றோர் தம் சிறு குழந்தைகளை வளர்ப்பதற்கு அரசின் உதவியை நம்பியிருக்கலாமா என்று இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறேன்.

முதலில் இட்லியைப் பற்றி ஒரு சொல்.

பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்திலும், நொச்சிக்குப்பத்திலும், அடையாற்றுக் கரையோரக் குடியிருப்புகளிலும் வாழும் தாய்மார் எத்தனையோ பேர் காலை ஆறு மணிக்கே வீட்டைவிட்டு வெளியேறுகின்றனர். மந்தைவெளியிலும், காந்தி நகரிலும், தி. நகர்ப் பாண்டி பஜாரை அடுத்த அடுக்ககங்களிலும் அவர்களுக்கு வேலை. பாத்திரம் துலக்கி, வீடு பெருக்கி, சில வீடுகளில் சமையலும் செய்கின்றனர். அவர்களுக்கு இட்லி அவிக்கத் தெரியாமலில்லை. ஏழு மணிக்கு அவர்கள் அவிக்கும் இட்லி வேறொரு வீட்டுப் பிள்ளையின் தட்டுக்குப் போகின்றது. அந்த வேறொரு வீடு நம் பங்கைச் சேர்ந்த வீடாகவும் இருக்கக்கூடும். அந்நேரத்தில் அவர்களுடைய சொந்தப் பிள்ளை, எட்டு வயது அக்காளின் பொறுப்பில், நேற்றைய சோற்றில் நீரூற்றிக் குடித்தோ, கடையில் வாங்கிய பன்னைத் தின்றோ, ஒன்றுமில்லாமலோ பள்ளிக்கு நடக்கின்றது. காலை உணவுத் திட்டம் வருமுன் நிலைமை இதுதான். நம் பள்ளிகளில் முதற் பாடவேளையில் தலை சுற்றுகிறது என்று மேசைமேல் கவிழ்ந்து படுத்த பிள்ளைகளை ஆசிரியைகள் அறிவார்கள்.

தியாகராயரின் ஓரணா

அரசாங்கம் பிள்ளைகளுக்குச் சோறு போடும் வழக்கம் நேற்று முளைத்ததன்று. அதன் பிறப்பிடமே நம் சென்னைதான். தி. நகரில் வாழும் அன்பர்கள் தங்கள் முகவரியில் நாள்தோறும் எழுதும் பெயருக்குரியவர் சர் பிட்டி தியாகராயர். அவர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தபோது, 1920 செப்டம்பரில், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியின் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்க மன்றம் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு. பசியினால் பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் நின்றுவிடுகின்றனர் என்பதே காரணம். பின்னர் வேறு நான்கு பள்ளிகளுக்கும் இது விரிந்தது. 1922-23-இல் இவ்வைந்து பள்ளிகளிலும் சேர்ந்து 811 ஆக இருந்த மாணவர் தொகை, 1924-25-இல் 1,671 ஆயிற்று. ஓரணாச் சிற்றுண்டி இரண்டே ஆண்டுகளில் பள்ளியை இரட்டிப்பாக்கிற்று. ஆயினும் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இச்செலவைச் செய்ய வெள்ளையர் அரசு அனுமதி மறுத்தமையால் 1925 ஏப்ரலில் அது நின்று போயிற்று.

காமராசர் முதலமைச்சராய் இருந்தபோது, 1956-இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் மீண்டும் மாநில அளவில் உயிர் பெற்றது. பொதுமக்கள் தந்த அரிசியும் பருப்பும் காசும் அதற்கு முதற் கைம்முதல். பொதுக் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகச் சென்று திரட்டினார். 1961 முதல் அமெரிக்கக் 'கேர்' நிறுவனத்தின் உதவி சேர்ந்தது. 1982 ஜூலை முதல் நாள் எம். ஜி. இராமச்சந்திரன் திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, பள்ளிக்கு வராத இரண்டு வயதுக் குழந்தை முதற்கொண்டு அதில் சேர்த்தார். கருவூலம் தாங்காது என்றும், மக்களைச் சோம்பேறிகளாக்கும் என்றும் அன்று ஏச்சுகள் எழுந்தன. கருவூலம் தாங்கிற்று. 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், நாட்டின் எல்லா மாநிலங்களிலும் அரசு மற்றும் உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்கவேண்டுமென ஆணையிட்டபோது, தமிழகம் அதற்கு இருபது ஆண்டுகள் முன்னே நின்றது.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. நம் மூத்தோர் சிலருக்கு நினைவிருக்கும்: 1950-களிலும் 60-களிலும் கத்தோலிக்கத் துயர்துடைப்பு நிறுவனத்தின் வழியாக அமெரிக்கப் பால்பொடியும் கோதுமையும் எண்ணெயும் நம் பங்குகளுக்கு வந்தன. பங்குச் சாமியார் மணியடித்தால் சொம்பும் குவளையுமாகப் பிள்ளைகள் வரிசையில் நின்றனர். அந்தப் பாலைக் குடித்தவர்கள் யாரும் சோம்பேறிகளாகிப் போகவில்லை. பள்ளித் தலைமையாசிரியர்களாகவும், இரயில்வே அதிகாரிகளாகவும், ஏன், வங்கி அலுவலர்களாகவும் ஆயினர். அயல்நாட்டார் அனுப்பிய பாலைக் கூச்சமின்றிக் குடித்த நாம், நம் வரிப்பணத்தில் நம் அரசு கிண்டும் உப்புமாவுக்கு மட்டும் கூச்சப்படுவது விந்தையே!

தன் பிள்ளைக்குப் பாலூட்டக் கூலி

விடுதலைப் பயண நூலின் இரண்டாம் அதிகாரத்தில் வரும் நிகழ்ச்சியை நாம் அனைவரும் மறைக்கல்வி வகுப்பிலேயே கேட்டிருக்கிறோம். எபிரேய ஆண் குழந்தைகளை நைல் நதியில் எறியும்படி பார்வோன் கட்டளையிட்ட காலம். ஒரு தாய் தன் மகனை மூன்று மாதம் மறைத்து வைத்தாள். அதற்குமேல் இயலாமல், கூடை ஒன்றில் கிடத்தி நாணலிடையே விட்டாள். நீராட வந்த பார்வோனின் மகள் குழந்தையைக் கண்டு மனமிரங்கினாள். தொலைவில் நின்று பார்த்துக்கொண்டிருந்த குழந்தையின் அக்காள் சமயமறிந்து ஓடிவந்து, பாலூட்ட ஓர் எபிரேயப் பெண்ணை அழைத்து வரட்டுமா என்று கேட்டு, தாயையே அழைத்து வந்தாள்.

இதுவரை நாம் நன்கறிவோம். இதற்கடுத்த வாக்கியத்தில்தான் நாம் நின்று பார்ப்பதில்லை. அந்தக் குழந்தையைப் பாலூட்டி வளர்த்துத் தந்தால் கூலி தருவதாகப் பார்வோனின் மகள் கூறினாள். தாய் அதற்கு இசைந்து பிள்ளையைக் கொண்டுபோய் வளர்த்தாள். தான் பெற்ற பிள்ளையைத் தன் முலைப்பால் ஊட்டி வளர்ப்பதற்கு அரண்மனைப் பணத்தை வாங்கியவள் மோசேயின் தாய்! அதுவும் எந்த அரண்மனை? அந்தப் பிள்ளையைக் கொல்ல ஆணையிட்ட அரண்மனை. அவள் மறுக்கவில்லை, நாணவில்லை. விவிலியமும் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கூலி பார்வோனுடையது, பால் அவளுடையது. எபிரேய மொழியையும், முதுபெரும் தந்தையரின் கடவுளையும், தான் யாருடைய பிள்ளை என்னும் உணர்வையும் அச்சிறுவன் அரண்மனையிலிருந்து பெற்றிருக்க இயலாது. பின்னாளில் அடிமைப்பட்ட தன் இனத்தாரைக் கண்டு அவன் உள்ளம் கொதித்தது என்றால், அந்தச் சில ஆண்டுகளில் அந்தத் தாயின் மடியில் கேட்டவையே காரணமாய் இருக்கவேண்டும். பணத்தை வாங்கினாள், தன் வேலையை ஒப்படைத்துவிடவில்லை. பெரியவரின் கேள்விக்கு என் விடை ஏறக்குறைய இதில் அடங்கிவிடுகின்றது. எனினும் ஏட்டளவில் நிற்காமல் நடைமுறைக்கும் வருவோம்.

திருச்சபையின் சமூகப் போதனையும் இவ்வழியிலேயே செல்கின்றது. 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் வெளியிட்ட தொழிலாளர் பற்றிய சுற்றுமடல், குடும்பத்தினுள் அரசு தன் விருப்பம்போல் நுழையலாகாது என்று கண்டிப்பாய்ச் சொல்லிற்று. அதே மடல், ஒரு குடும்பம் தன்னால் மீளமுடியாத வறுமையில் வீழ்ந்தால் பொது உதவி பெறுவது முறையே, ஏனெனில் ஒவ்வொரு குடும்பமும் நாட்டின் ஓர் உறுப்பு என்றும் விளக்கிற்று. உழைப்பவனுக்குத் தன் மனைவி மக்களைத் தாங்கும் அளவு கூலி வேண்டும் என்பதும் அதன் கருத்து. 1981-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் மனித உழைப்பைப் பற்றி எழுதிய மடலில் இன்னும் ஓரடி முன்சென்றார்: ஒருவர் உழைப்பால் குடும்பம் வாழும்படியான ஊதியம் வேண்டும், அல்லது குடும்பப் படி, பிள்ளை வளர்க்கும் தாய்க்கு உதவித்தொகை போன்ற ஏற்பாடுகள் வேண்டும் என்பது அதன் சாரம்.

குடும்பப் படி என்னும் இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது தெரியுமா? பிரான்சு நாட்டின் கிரெநோபிள் நகரில் எமில் ரொமானே என்னும் பொறியாளர் இருந்தார், பக்தியுள்ள கத்தோலிக்கர். முதல் உலகப் போரின்போது, 1916-இல், தம் ஆலைத் தொழிலாளரின் குடும்ப வரவு செலவை விசாரித்தார். பிள்ளைகள் அதிகமுள்ளவர்கள் கடனில் மூழ்கியிருந்ததைக் கண்டு, பிள்ளைக்கு இவ்வளவு எனச் சம்பளத்துக்கு மேல் படி வழங்க ஆலையை இணங்கவைத்தார். பிற முதலாளிகளும் சேர்ந்தனர். 1932-இல் பிரெஞ்சு அரசு அதைச் சட்டமாக்கிற்று. இங்கிலாந்தில் எலினார் ராத்போன் என்னும் அம்மையார் கால் நூற்றாண்டுக்கு மேலாகப் போராடி 1945-இல் குடும்பப் படிச் சட்டத்தைக் காணப்பெற்றார். அப்பணம் தந்தையின் கைக்கன்று, தாயின் கைக்கே சேரவேண்டுமென்று அவர் கடைசிவரை பிடிவாதமாய் நின்றார். அவர் ஏன் அப்படிப் பிடிவாதம் பிடித்தார் என்பது நம் குப்பத்துப் பெண்களுக்கு விளக்கம் தேவைப்படாத செய்தி.

யார் வாங்குவது சலுகை, யார் வாங்குவது உரிமை?

நம் பங்குகளின் வசதியுள்ள குடும்பங்களிடம் நான் சற்று உரிமையோடு பேச விரும்புகிறேன். ஏழைத் தாய் அரசிடம் பெறுவதை நாம் 'இலவசம்' என்கிறோம். நாம் பெறுவதற்கு வேறு பெயர்கள் வைத்திருக்கிறோம்.

1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டு, நிறுவனங்களில் பணியாற்றும் பெண்களுக்கு முதல் இரு பேறுகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு வழங்கிற்று. தமிழக அரசுப் பணியிலுள்ள பெண்களுக்கு 2021 முதல் ஓராண்டு. மிக நல்ல காரியம். குழந்தைக்குத் தாய் வேண்டும். ஆனால் அந்த விடுப்பைச் சோம்பேறித்தனம் என்று யாரும் ஏசியதை நான் கேட்டதில்லை. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு வருமான வரியில் கழிவு நெடுங்காலம் பெற்று வந்தோம். உதவி பெறும் பள்ளிகளின் ஆசிரியர்களுக்குச் சம்பளம் அரசிடமிருந்து வருகின்றது. அப்பள்ளிகளில் பயின்ற நம் பிள்ளைகள் அனைவரும் அரசின் உதவியால் வளர்ந்தவர்களே. வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு 26 வார விடுப்பு யார் தருவது? பிள்ளை பெற்ற மூன்றாம் வாரத்தில் அவள் வேலைக்குத் திரும்பாவிட்டால் வேறொருத்தி அமர்த்தப்பட்டுவிடுகிறாள்.

அவளுக்காகத்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மகப்பேறு உதவித் திட்டம் உள்ளது. புதுக்கோட்டையில் பிறந்து, அடையாற்றில் அவ்வை இல்லத்தையும், 1954-இல் புற்றுநோய் மருத்துவமனையையும் நிறுவிய அம்மையாரின் பெயர் அத்திட்டத்துக்கு மிகப் பொருந்தும். உதவித்தொகை 2006-இல் 6,000 ரூபாயாகவும், 2011-இல் 12,000 ரூபாயாகவும், 2018-இல் 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது. பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாகத் தவணைகளில் வருவது. முதல் இரண்டு பேறுகளுக்கு மட்டுமே அது என்னும் வரம்பை நான் ஏற்கவில்லை. மூன்றாவதாய்ப் பிறந்த குழந்தையின் வயிறு மற்ற வயிறுகளைவிடச் சிறியதன்று. ஆனால் இந்தப் பதினெட்டாயிரத்தை 26 வாரச் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பிறகு அந்த 'இலவசம்' என்னும் சொல்லை எடுப்போம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வேலைக்காரப் பெண்ணின் பிள்ளைக்கு அரசு உணவளிக்கலாகாது என்று எண்ணுவோர், அவளே தன் பிள்ளைக்கு உணவளிக்கும்படியான கூலியை அவளுக்குத் தரவேண்டும். அவள் காலை எட்டு மணிக்கு வந்தால் போதும் என்றும் சொல்லவேண்டும். இரண்டையும் செய்யாமல், அரசையும் குறை கூறுவது நியாயமாகாது. இந்த அளவுகோலை நம் திருச்சபை நிறுவனங்களுக்கும் வைத்துப் பார்க்க வேண்டும். நம் பள்ளிகளின் ஆயாக்களும், மருத்துவமனைகளின் துப்புரவுப் பெண்களும் வாங்கும் ஊதியம் சிங்கராயர் கேட்ட குடும்ப ஊதியமா? இக்கேள்வியைப் பங்குப் பேரவைக் கூட்டங்களில் எழுப்பினால் உடனே அறை அமைதியாகிவிடுகின்றது.

தந்தையின் பங்கு

இனிப் பெரியவரின் பக்கம் வருகிறேன். அவர் அஞ்சுவது முழுவதும் வீணன்று.

தமிழக அரசு 2023 செப்டம்பர் 15 அன்று மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. ஒரு கோடியே ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பத் தலைவியருக்கு மாதம் 1,000 ரூபாய் அவர்களுடைய கணக்கிலேயே சேர்ந்தது. வீட்டில் பெண் செய்யும் கணக்கில் வராத உழைப்புக்கு மதிப்பு என்பதனால் 'உரிமைத் தொகை' எனப் பெயரிட்டனர். நல்ல பெயர். ஆனால் சில மாதங்களுக்குள் என்னிடம் வந்த குறைகளில் ஒரு வகை இது: கணவன் வாரந்தோறும் கொடுத்துவந்த வீட்டுச் செலவுப் பணத்தில், 'உனக்குத்தான் அரசாங்கம் கொடுக்கிறதே' என்று சொல்லி, மாதம் ஆயிரத்தைக் குறைத்துக்கொண்டான்! பிள்ளைகளுக்கு ஒரு காசும் கூடவில்லை. உதவி சேர்ந்தது தாய்க்கன்று, அவனுக்கு. அவன் அதை எங்கே கொண்டுபோய்ச் செலுத்தினான் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? மதுக்கடைகளை 2003 முதல் நேரே நடத்துவதும் அதே அரசுதான். வலக்கை தாயின் கணக்கில் இட்டதை இடக்கை தந்தையின் சட்டைப் பையிலிருந்து எடுத்துக்கொள்கின்றது. மறைந்த பெரும் தலைவர்களின் கட்சிகள் இரண்டுமே இதில் ஒன்றையொன்று விஞ்சின. நான் எவர் பக்கமும் பேசவில்லை.

அரசின் உதவியை நம்பியிருத்தல் என்பதில் பாவம் எங்கே நுழைகின்றது என்று கேட்டால், இங்கேதான் என்பேன். காலை உணவைத் தட்டில் வாங்கும் பிள்ளையிடத்திலோ, 18,000 ரூபாய்க்கு விண்ணப்பிக்கும் கருவுற்ற தாயிடத்திலோ அது இல்லை. தன் பங்கை உருவிக்கொள்ளும் தந்தையிடத்தில் இருக்கின்றது. தன் வீட்டாரைப் பேணாதவன் விசுவாசம் இல்லாதவனைவிடக் கெட்டவன் என்னும் கருத்தைப் புனித சின்னப்பர் திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகத்தில் காணலாம். ஆண்கள் தியானத்தில் இப்பகுதியை வாசிக்கும்போது சிலர் கூரையைப் பார்ப்பார்கள்.

கணக்குப் போட்டாலும் இது விளங்கும். மாதம் ஆயிரம் என்றால் நாளொன்றுக்கு 33 ரூபாய். அரை லிட்டர்ப் பாலும் இரண்டு முட்டையும் வாங்கினால் அத்தோடு சரி. 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையின்றிக் கிடைக்கின்றது. வீட்டு வாடகையும், மருந்தும், சமையல் வாயுவும், மழைக்காலத்தில் வேலையில்லா நாள்களும் அரிசியால் தீர்வதில்லை. ஆகவே எந்தப் பெற்றோரும் இவற்றின்மேல் முழுப் பாரத்தையும் சாய்க்க முடியாது, சாய்த்தால் விழுவார்கள். அன்றியும், இவை ஆட்சியாளர் மனத்துக்கும் நிதிநிலைக்கும் கட்டுப்பட்டவை. தொகை கூடும், குறையும், நிபந்தனை மாறும். தியாகராயரின் சிற்றுண்டி ஓர் ஆணையால் நின்றதே! சீட்டுக் கட்டவோ, வாடகைக்கு முன்பணம் பேசவோ, மகளுக்கு நகை எடுக்கவோ உதவித்தொகையை ஆதாரமாக வைத்துக் கடன் வாங்கும் குடும்பங்களை எச்சரிக்க விரும்புகிறேன். அது குழந்தையின் பால்; அதை அடகு வைக்காதீர்கள்.

உதவி எப்படி அமையவேண்டும் என்பதற்குத் தமிழகத்திலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 1980-இல் உலக வங்கியின் துணையோடு மதுரை மாவட்டத்தில் கொட்டாம்பட்டி வட்டாரத்திலிருந்து தொடங்கிய ஊட்டச்சத்துத் திட்டம் அது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்தனர். எடை கூடாமல் தேங்கிய குழந்தைக்கு மட்டும் 90 நாள் சத்துருண்டை கொடுத்தனர். எடை தேறியதும் நிறுத்திவிட்டனர். அத்தோடு, வீட்டிலிருக்கும் கேழ்வரகையும் பருப்பையும் கொண்டு எப்படி ஊட்டுவது என்று தாய்க்குக் கற்பித்தனர். எடை அட்டையைத் தாயே படிக்கக் கற்றாள். தாயின் கையிலிருந்து வேலையைப் பிடுங்காமல், அவள் கையைப் பலப்படுத்திவிட்டு விலகிற்று அந்த உதவி. சிறிய சமூகம் தானே செய்யக்கூடியதைப் பெரிய சமூகம் பறிக்கலாகாது, இயலாதபோது துணைநிற்க வேண்டும் என்று 1931-இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் வகுத்த நெறி, கொட்டாம்பட்டியில் சத்துருண்டை வடிவில் நடந்தது. அத்திட்டத்தை வகுத்தவர்கள் சுற்றுமடலைப் படித்திருக்கமாட்டார்கள் என்றே எண்ணுகிறேன்!

அங்கன்வாடியையும் இப்படியே பயன்படுத்திக்கொள்ள வேண்டும். 1975 அக்டோபர் 2 அன்று நாடெங்கும் 33 இடங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் மையங்கள் இவை. தமிழகத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவை உள்ளன. அங்கே சத்துமாவும், எடை பார்த்தலும், தடுப்பூசி நினைவூட்டலும், ஆடலும் பாடலும் உண்டு. நம் குடும்பங்கள் சில, கடன்பட்டாவது ஆங்கில மழலையர் பள்ளியில் சேர்ப்பதே பெருமை என்று மூன்று வயதுப் பிள்ளையை அனுப்பி, அந்தக் கட்டணத்துக்காக வீட்டில் பாலையும் முட்டையையும் குறைக்கின்றன. அரசின் உதவியை மறுப்பதிலும் இப்படி ஒரு வீண் பெருமை உண்டு. பிள்ளையின் வயிற்றைக் கட்டிப் பெற்றோரின் மானத்தைக் காக்கலாகாது.

கோவில் முற்றத்தில் என்னை நிறுத்திய பெரியவரிடம் இவற்றையெல்லாம் ஒரே மூச்சில் சொல்ல இயலவில்லை. ஒரு நாள் காலை எட்டு மணிக்கு ஒரு பள்ளிக்கு அவரை அழைத்துச் சென்றேன். அன்று பொங்கலும் சாம்பாரும். ஒரு சிறுமி தன் தட்டில் பாதியைத் தின்றுவிட்டு மீதியை மூடி வைத்தாள். ஏன் என்று அவர் கேட்டதற்கு, "தம்பிக்குத் தாத்தா, அவன் இன்னும் ஸ்கூல்லே சேரலே" என்றாள். தம்பிக்கு வயது மூன்று. பக்கத்துத் தெருவில் அங்கன்வாடி இருந்தும் யாரும் அவனைச் சேர்த்துவிடவில்லை. பெரியவர் அன்றே அந்த வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தார். இப்போது வின்சென்ட் தெ பவுல் சபையாரோடு சேர்ந்து விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவர் அவரே. காலை உணவு பற்றிய தம் கருத்தை அவர் முழுமையாக மாற்றிக்கொண்டதாக நான் சொல்லமாட்டேன். "அப்பன்காரன் என்ன செய்கிறான்?" என்று ஒவ்வொரு வீட்டிலும் முதலில் அதைத்தான் கேட்கிறார், கேட்கட்டும்.

கருவுற்ற தாய்மார் பன்னிரண்டு வாரம் முடிவதற்குள், அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்து பதிவெண் பெற்றுக்கொள்ள வேண்டும். மகப்பேறு உதவிக்கு அவ்வெண் தேவை. பின்னர்ப் பிறப்புச் சான்றிதழுக்கும் அதைக் கேட்கிறார்கள். காலந்தாழ்த்தியவர்கள் முதல் தவணையை இழந்து வருந்தியதைக் கண்டிருக்கிறோம். தாயின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குப் புத்தகமும் ஆதார் அட்டையும் உடன் கொண்டு செல்லவும். கணவரும் அரைநாள் வேலையை விட்டு மனைவியோடு போகவேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். செவிலியர் சொல்லும் உணவு முறையை அவரும் காதால் கேட்டுக்கொள்வது நல்லது.